பழைய காரின் ஆயுட்கணக்கு

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர், முப்பது ஆண்டுக் காலம் பள்ளியில் கணிதம் போதித்து ஓய்வு பெற்றவர், சில மாதங்களுக்கு முன் நான்காக மடித்த ஒரு காகிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பெட்ரோல் காருக்கு மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் அது. வண்டிக்கு வயது பதின்மூன்று. ஓடியிருப்பது 1,12,000 கிலோமீட்டர். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்பு மூன்றும் சேர்ந்து 9,000 ரூபாய். கிளட்ச் செட் 14,000. நான்கு ஷாக் அப்சார்பர்களும் லோயர் ஆர்ம்களும் 22,000. ரேடியேட்டரும் ஹோஸ்களும் 8,000. பிரேக் டிஸ்க், பேடு, சிலிண்டர், ஆயில் எல்லாம் 12,000. ஆக மொத்தம் 65,000 ரூபாய். காகிதத்தின் மறுபுறத்தில் நண்பர் தம் அழகிய கையெழுத்தில் இன்னொரு தொகையைக் குறித்திருந்தார்: பழைய கார் தரகர் அந்த வண்டிக்குத் தருவதாகச் சொன்ன 1,00,000 ரூபாய். "லட்ச ரூபாய் வண்டிக்கு அறுபத்தையாயிரம் செலவழிப்பது புத்திசாலித்தனமா, நீங்களே சொல்லுங்கள்" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வி எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களில், மாதச் சம்பளத்துக்கும் மனக்கவலைக்கும் நடுவே, நாள்தோறும் எழுகின்ற கேள்வியாகும். ஆயினும், பௌதிகமும் ரசாயனமும் புள்ளியியலும் பொருளியலும் ஒருங்கே வந்து உதவக்கூடிய இந்த விஷயத்தைப் பெரும்பாலோர் ஊகத்தாலோ, மெக்கானிக்கின் முகக்குறிப்பாலோ, அண்டை வீட்டாரின் அபிப்பிராயத்தாலோதான் தீர்மானித்துக்கொள்கிறார்கள். ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வது பிரயோஜனமுள்ள காரியம் என்று எனக்குத் தோன்றியது.

முதலாவதாக, ரிப்பேர்ச் செலவையும் வண்டியின் விலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே பிழை. வண்டியின் சந்தை விலை என்பது அதை இன்று விட்டுவிட்டால் நம் கைக்கு வரும் பணம். அதை வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைக்கும் பயன் எவ்வளவு என்பதை அந்த விலை சொல்லாது. விலை குறைந்த வண்டியும் நம்மை அதே மருத்துவமனைக்கும் அதே கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒப்பிட வேண்டியவை வேறு இரண்டு: இந்த வண்டியைச் செப்பனிட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டினால் ஆகும் மொத்தச் செலவு ஒன்று, அதே ஆண்டுகளில் அதே பயணங்களை வேறு வண்டியில் செய்தால் ஆகும் மொத்தச் செலவு மற்றொன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் டெர்போர்க் 1949ஆம் ஆண்டு தொழிற்சாலை யந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில், இருக்கும் யந்திரத்தைத் தற்காப்பவர் என்றும், அதன் இடத்துக்கு வர முயலும் யந்திரத்தை அறைகூவுபவர் என்றும் பெயரிட்டு, இவ்விருவருக்கும் இடையே ஆண்டுச் செலவில் நடக்கும் போட்டியாகவே இந்தப் பிரச்சினையைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். இந்தப் போட்டியில், நாம் முன்பு செலவழித்த பணத்துக்கு இடமில்லை. "போன வருஷம்தான் ஏ.சி.க்குப் பதினெட்டாயிரம் போட்டேன், இப்போது எப்படி விட மனம் வரும்?" என்று நண்பர் சொன்னார். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அந்தப் பதினெட்டாயிரம் திரும்பி வரப்போவதில்லை, ஏ.சி. இப்போது நல்ல ஸ்திதியில் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே அதில் நமக்கு மிச்சம்.

இனி, கார் எவ்வாறு மூப்படைகிறது என்பதைப் பார்ப்போம். பதின்மூன்று வயது என்று நாம் சொல்வது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வயது. உண்மையில் ஒரு காருக்கு ஒரே வயது கிடையாது. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரத்தின்படி முதிர்கின்றன. சென்ற வருஷம் மாற்றிய பேட்டரிக்கு வயது ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட டயருக்கு வயது இரண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ரப்பர் ஹோஸுக்கு வயது பதின்மூன்று. அதோடு, சில கடிகாரங்கள் கிலோமீட்டரை எண்ணுகின்றன, சில ஆண்டுகளை எண்ணுகின்றன, சில உஷ்ணத்தையும் உப்பையும் எண்ணுகின்றன. எஸ்டிமேட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கடிகாரம் பொருந்துகிறது என்று அறிந்துகொள்வதே இந்த விஷயத்தில் விவேகத்தின் ஆரம்பம்.

கிலோமீட்டரை எண்ணும் கடிகாரம் உராய்வினுடையது. எஞ்சின் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2,000 தடவை சுற்றுகிறது என்று கொண்டால், நண்பரின் காரில் கிராங்க் ஷாஃப்ட் இதுவரை 22 கோடி தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுவதால், ஒவ்வொரு வால்வும் சுமார் 11 கோடி தடவை திறந்து மூடியிருக்கிறது. இத்தனை அசைவுக்குப் பிறகும் அந்த உறுப்புகள் உழைப்பதற்குக் காரணம், அசையும் இரண்டு உலோகப் பரப்புகளும் ஒன்றையொன்று தீண்டாதபடி நடுவே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெயைக் கிரமமாக மாற்றி வந்தவரின் எஞ்சின் லட்சம் கிலோமீட்டரில் முதுமை அடைந்துவிடுவதில்லை. மாறாக, பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் தேய்வதற்கென்றே படைக்கப்பட்டவை. அவற்றின் தேய்வு நோயன்று, அவற்றின் தொழில்.

இரண்டாவது கடிகாரம் உலோகத்தின் களைப்பை எண்ணுவது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி பாரிஸுக்கு அருகே வெர்சாயிலிருந்து திரும்பிய ரயிலில், என்ஜினின் அச்சு ஒன்று முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டார்கள். ஒரு தடவை தாங்கிக்கொள்ளும் சுமையையே லட்சக்கணக்கான தடவை மாறி மாறி ஏற்றினால் இரும்பு எந்த அளவில் முறிகிறது என்பதை ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பின்னர் ஆண்டுக்கணக்கில் பரீட்சை செய்து கண்டறிந்தார். சுமை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் இருந்தால் எஃகு ஏறக்குறைய அளவின்றி உழைக்கும். எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு அதிர்ச்சியும் அதன் ஆயுளில் ஒரு துளியைக் குடித்துவிடும். நம் சாலைகளின் ஒவ்வொரு பள்ளமும் லோயர் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் அத்தகைய ஓர் அதிர்ச்சி. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து சக்தி இழந்துவிட்டால், சக்கரம் தரையில் பதியாமல் குதிப்பதோடு, அந்த அதிர்ச்சி முழுவதும் அடுத்த உறுப்புகளுக்குப் போய்ச் சேருகிறது.

மூன்றாவது கடிகாரம் ரசாயனத்தினுடையது. ஷெட்டில் நிறுத்தி வைத்த வண்டியிலும் அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தும் வழியைக் கண்ட பிறகே ரப்பர் யந்திரங்களுக்கு உதவும் பொருளாயிற்று. ஆனால் அவர் கந்தகத்தால் உண்டாக்கிய பிணைப்புகளோடு, காலப்போக்கில் பிராணவாயுவும் தன் பங்குக்குப் புதிய பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டே போவதால், மென்மையாக இருந்த ரப்பர் இறுகி, வெடித்து, பொரபொரத்துப் போகிறது. ரசாயன மாற்றங்களின் வேகம் உஷ்ணத்தோடு எப்படிப் பெருகுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாண்டே அர்ரேனியஸ் 1889ஆம் ஆண்டில் கணித வடிவில் விளக்கினார்; பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பல பொருள்களுக்குப் பொருந்தும் தோராய விதி. சென்னையின் வெயிலில், கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்த ஹோஸ் என்ன கதி அடைந்திருக்கும் என்பதை இந்த விதியிலிருந்தே ஊகிக்கலாம். இன்ஷூரன்ஸ் விதிகளும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன: விபத்தில் மாற்றப்படும் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை, உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதை ஒட்டிப் படிப்படியாக ஏறி, பத்து ஆண்டைத் தாண்டும்போது 50 சதவீதம்.

பழசாகப் பழசாக எல்லாமே பழுதாகிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. 1951ஆம் ஆண்டில் வாலடி வைபுல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் பழுதுகளின் கணிதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய சமன்பாட்டில் உள்ள ஓர் எண், ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்தப் பாகம் புதிதாக இருக்கும்போதே அதிகம் பழுதாகும் இயல்புடையது. ஒன்றாக இருந்தால் வயதுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை. ஒன்றைத் தாண்டினால்தான் வயது ஏற ஏறப் பழுதாகும் இயல்புடையது. அமெரிக்காவின் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இரு பொறியாளர்கள் விமானப் பாகங்களை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்குப் பதினொரு வகைப் பாகங்களில் மட்டுமே முதுமையின் அடையாளம் தென்படுகிறது என்றும், எஞ்சிய 89 சதவீதத்துக்கு வயதைப் பார்த்துக் கழற்றி மாற்றுவதால் பயனில்லை என்றும் கூறியது. தேய்தல், களைத்தல், அரித்தல் ஆகிய ஏதேனும் ஒன்றால் நேரடியாகத் தாக்கப்படும் எளிய பாகங்களே, அதாவது டயர், பேடு, பெல்ட், ஹோஸ் போன்றவையே, வயதுக்குக் கட்டுப்பட்டவை. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரையோ மின்னணுப் பெட்டியையோ 'வண்டி பழசாகிவிட்டது' என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுவது, தெரிந்த நல்லதைக் கொடுத்துத் தெரியாத புதியதை வாங்கும் காரியமாகும்.

இந்த அறிவோடு எஸ்டிமேட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது, அறுபத்தையாயிரம் என்பது ஒரே கேள்வி அன்று, ஐந்து தனிக் கேள்விகள் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது.

பிரேக்கை முதலில் எடுத்துக்கொண்டோம். நண்பரின் மகள் உதகமண்டலத்தில் வசிக்கிறாள். ஆண்டுக்கு இரு தடவை அவர் அங்கே காரில் போய் வருகிறார். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வழியில் உயரம் சுமார் 1,900 மீட்டர் குறைகிறது. ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 30 டிகிரியில் இருக்கும் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் அத்தனையும் நான்கு சக்கரங்களில் உள்ள பிரேக்குகளில் உஷ்ணமாக மாறியாக வேண்டும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 என்ற தரத்துப் புதிய ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி, ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குழாயில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் குமிழ்தான் சுருங்குமே தவிர சக்கரம் நிற்காது. மெக்கானிக் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நண்பரின் காரிலிருந்து எடுத்த பிரேக் ஆயிலை ஊற்றி, அதன் பக்கத்தில் புது ஆயிலையும் வைத்துக் காட்டினார். புதியது இளந்தேன் நிறம். பழையது கடுங்காப்பி நிறம். அந்த இரு குப்பிகளைப் பார்த்த பிறகு, பன்னிரண்டாயிரத்தைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உயிரைக் காக்கும் பாகத்துக்கு லாபநஷ்டக் கணக்கு பார்ப்பது உசிதமன்று. வண்டியைச் சாலையில் ஓட்டுவதென்றால் அதைச் செய்தே தீர வேண்டும்.

அடுத்தது டைமிங் பெல்ட். கிராங்கையும் கேம் ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் இந்தப் பல் வைத்த ரப்பர்ப் பட்டை அறுந்தால், பல எஞ்சின்களில் திறந்த நிலையில் நின்றுபோன வால்வுகளின் மீது பிஸ்டன் வந்து மோதும், வால்வுகள் வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகும். பெல்ட்டை முன்கூட்டியே மாற்ற 9,000 ரூபாய். அறுந்த பிறகு செப்பனிட 60,000 ரூபாய் என்று மெக்கானிக் மதிப்பிட்டார். ஒன்பதை அறுபதால் வகுத்தால் நூற்றுக்குப் பதினைந்து. ஆகவே, நாம் வண்டியை வைத்திருக்க உத்தேசிக்கும் காலத்துக்குள் அந்த பெல்ட் அறுந்துபோக நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சாத்தியம் இருந்தால், மாற்றுவதே லாபம். பதின்மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாத பெல்ட், அதன் பற்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும்போது, அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் இதே கணக்கு, வண்டியை அடுத்த மாதமே விற்கப்போகிறவருக்கு வேறு விடையைத் தரும் என்பதையும் கவனிக்க வேண்டும். முன்கூட்டிய பராமரிப்பின் மதிப்பு, நாம் எத்தனை காலம் அதன் பலனை அனுபவிக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. டைமிங் செயின் பொருத்திய எஞ்சின்களுக்கு இந்தச் செலவே இல்லை; தம் வண்டியில் இருப்பது எது, எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதைக் காரோடு வந்த கையேட்டில் ஒவ்வொருவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ரேடியேட்டரும் ஹோஸ்களும் அதே வகுப்பைச் சேர்ந்தவை. அலுமினியம் உஷ்ணத்தில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகையால், வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் பொருத்திய எஞ்சின் ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால் ஹெட் கோணி, கேஸ்கெட் பழுதாகிவிடும். எட்டாயிரத்தை மிச்சப்படுத்தப்போய் அதைப்போல் பல மடங்கை இழப்பது இங்கேதான். கிளட்சின் விஷயம் வேறு. அது திடீரென்று கைவிடுவதில்லை. ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் எடுக்காதபோது, தன் முடிவு நெருங்குவதைச் சில ஆயிரம் கிலோமீட்டர் முன்னதாகவே அறிவித்துவிடுகிறது. நண்பரின் கிளட்சில் அந்த அறிகுறி இல்லை, அது காத்திருக்கலாம். ஷாக் அப்சார்பர்களில் முன்பக்கத்து இரண்டில் மட்டுமே எண்ணெய்க் கசிவு தெரிந்தது.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். எஸ்டிமேட்டில் உள்ள அத்தனையையும் செய்து, நான்கு ஆண்டுகள் இதே வண்டியை ஓட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். ரிப்பேர் 65,000, இன்று லட்சம் பெறும் வண்டி நான்கு ஆண்டு கழித்து 50,000 பெறும் என்றால் தேய்மானம் 50,000, பின்னர் வரக்கூடிய ரிப்பேர்களுக்கும், பதினைந்தாம் ஆண்டில் எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பிப்பதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 20,000 வீதம் 80,000; புதிய கார் 19 கிலோமீட்டர் தரும் இடத்தில் இது 14 தருவதால், ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும் நண்பருக்கு அதிகப்படியாகச் செலவாகும் 150 லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் வீதம் நான்கு ஆண்டில் 60,000; வண்டியிலும் ரிப்பேரிலும் முடங்கிய 1,65,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டி சுமார் 46,000. மொத்தம் 3,01,000 ரூபாய். மறுபக்கம், 8,00,000 ரூபாய்க்குப் புதிய கார் வாங்கினால், நான்கு ஆண்டில் அது 4,40,000க்கு இறங்குவதாகக் கொண்டு தேய்மானம் 3,60,000, அதே விகித வட்டி 2,24,000, அதிகப்படி இன்ஷூரன்ஸ் 60,000, சர்வீஸ் 32,000, மொத்தம் 6,76,000 ரூபாய். ஆண்டுக்குச் சொன்னால் பழைய கார் சுமார் 75,000; புதிய கார் 1,69,000.

புதிய காரின் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது என்பதே இந்தக் கணக்கின் சாரம். மெக்கானிக் கையில் எண்ணிக் கொடுக்கும் அறுபத்தையாயிரம் நெஞ்சில் தைக்கிறது. ஷோரூமிலிருந்து வெளியே வந்த நாள் முதல் மௌனமாகக் கரையும் மூன்றரை லட்சம் தைப்பதில்லை. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் அட்டவணையின்படியே, காரின் மதிப்பில் ஓர் ஆண்டைத் தாண்டியதும் 20 சதவீதமும், நான்கு ஆண்டைத் தாண்டியதும் 50 சதவீதமும் கழிந்துவிடுகின்றன. வரும் ரிப்பேர்கள் நாம் மதிப்பிட்டதைப் போல் இரு மடங்கு ஆனாலும், நண்பருக்குப் பழைய காரே சிக்கனம். ஆனால் ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர், இரண்டு கார்களையும் விட்டு வாடகை வண்டியையும் தம் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஐந்து ஆண்டு ஓடிய வேறொரு பழைய கார் வாங்கலாமே என்றால், அதன் பூர்வ சரித்திரம் நமக்குத் தெரியாது. பதின்மூன்று ஆண்டுகள் நம் கையிலேயே வளர்ந்த வண்டியின் குணதோஷங்களை நாம் அறிந்திருப்பதும் ஒரு செல்வமே.

இத்தகைய தீர்மானத்தை அனுபவசாலிகள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாடிசன் நகரப் பஸ் நிறுவனத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தவர் ஹெரால்ட் ஸர்க்கர். எந்த பஸ்ஸின் எஞ்சினை எப்போது மாற்றுவது என்பதை மாதந்தோறும் முடிவு செய்தவர் அவர். அவருடைய பத்தாண்டுக் காலப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு ஜான் ரஸ்ட் என்ற பொருளியல் அறிஞர் 1987ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்று மாற்றினால் ஆகும் பெருஞ்செலவையும், மாற்றாமல் ஓட்டினால் மைலுக்கு மைல் ஏறிக்கொண்டே போகும் பராமரிப்புச் செலவையும், வழியில் நின்றுபோனால் பயணிகளுக்கு உண்டாகும் சிரமத்தையும் சீர்தூக்கி, ஓர் எல்லை வந்ததும் மாற்றிவிடும் கணித நியதியோடு அந்த மேற்பார்வையாளரின் முடிவுகள் பொருந்தி வந்தன. பல்லாண்டு அனுபவம் அவர் கையில் ஒரு சமன்பாடாகவே கனிந்திருந்தது என்று சொல்லலாம்.

பணத்தைத் தவிர வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. சுற்றுச்சூழல் ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிவருகிறது. ஆகவே நண்பரின் பழைய கார் ஆண்டுக்கு 345 கிலோகிராம் அதிகம் வெளியிடுகிறது. புதிய கார் ஒன்றைத் தயாரிப்பதில் ஐந்து டன் வெளியாவதாகக் கொண்டால், அதை ஈடு செய்யப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் நகரத்தின் மூச்சைக் கெடுக்கும் நச்சுப் புகையின் விஷயத்தில், 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி அமைந்த வண்டிகள் ஐயமின்றி மேலானவை. புகை கக்கும் பழைய காரை ஓட்டுவதற்கு எந்தச் சிக்கனமும் சமாதானமாகாது. மற்றொன்று பாதுகாப்பு. 2019 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆக்கப்பட்டது. அது இல்லாமல் பிறந்த காரில், எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் எந்தப் பட்டறையிலும் அதைச் சேர்த்துவிட முடியாது. வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு ஓடுவதாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே மேற்சொன்ன பணக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் புதிய காரை வாங்குவது முற்றிலும் நியாயம்.

எல்லாவற்றுக்கும் பிறகு, எஸ்டிமேட்டில் எழுதப்படாத ஒரு பாகம் எஞ்சியிருந்தது. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. தகட்டால் ஆன உடலே எலும்பும் தோலுமாக நின்று, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் சுமந்து, மோதலின்போது அதன் விசையைத் தாங்குகிறது. மற்ற எந்தப் பாகத்தையும் மாற்றலாம். இந்த உடலை மாற்ற முடியாது. கடற்காற்றிலுள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து, இரும்பின் மீது எண்ணற்ற சிறு மின்கலங்களை உண்டாக்குகிறது. அங்கே கரையும் இரும்பு பல மடங்கு பருமனுள்ள துருவாக மாறி, பெயிண்டை உப்பச் செய்து, மேலும் ஈரத்துக்கு வழி திறந்துவிடுகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்த சிறு துளைகள் சேற்றால் அடைபட்டால், துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும்.

நாங்கள் அடையாறில் உள்ள பட்டறைக்குப் போய், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொன்னோம். மெக்கானிக் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் பிடியால் வண்டியின் அடிப்பகுதியை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. இடப்பக்கப் பின் சக்கரத்துக்கு அருகே ஓரிடத்தில் ஒலி மங்கிற்று. அங்கே அவர் கருவியைத் திருப்பி அதன் முனையை அழுத்தினார். மேலே படிந்த துரு பொடியாக உதிர்ந்தது. முனை உள்ளே இறங்கவில்லை. ஜாக்கி வைக்கும் இடங்களும் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களும் உறுதியாக இருந்தன. "பாடி நல்லா இருக்கு சார். இதைச் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சுடலாம். இது போயிருந்தா, வேற எதுவும் செய்யாதீங்கன்னு நானே சொல்லியிருப்பேன்" என்றார் அவர். எங்கள் ஒரு மாத விசாரம் முழுவதும் அவருடைய அந்த வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

நண்பர் பிரேக்கையும் பெல்ட்டையும் ரேடியேட்டரையும் உடனே செய்யச் சொன்னார். அதற்கு 29,000 ரூபாய். கசிந்த இரண்டு ஷாக் அப்சார்பர்களை அடுத்த மாதம் மாற்றினார். கிளட்ச் தன் முறை வரும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். லாக் புத்தகம் ஒன்று வாங்கி, எந்தப் பாகம் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் மாறியது என்று எழுதி வருகிறார்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எஸ்டிமேட்டின் கீழே உள்ள மொத்தத் தொகையை முதலில் பார்க்காதீர்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அதன் அடியில் நின்று, தகடு உறுதியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உடல் துருவுக்கு இரையாகியிருந்தால், ஒரு ரூபாயும் செலவழிக்காமல் அதற்கு விடை கொடுங்கள். உடல் உறுதியாக இருந்தால், பிரேக்கில் தொடங்கி வரிசைப்படி செய்துகொண்டு வாருங்கள்.